இது தலைவர் போட்டதா... தறுதலை போட்டதா?

உங்க பர்ஸ்ல ஒரு பத்து ரூபா நோட்டாவது இருக்கும்ல பாஸ்? எடுங்க. காந்தி தாத்தா பக்கத்துல உத்துப் பாருங்க. ரிசர்வ் வங்கி கவர்னரோட கையெழுத்து! நாட்டோட பெரிய வி.ஐ.பி. ஒருத்தர் ஆட்டோகிராப் போட்டு உங்களுக்குக் கொடுத்திருக்கார். ஆனா அதை யாராவது ஃப்ரேம் போட்டு மாட்டுறோமா? டீக்கடையில நீட்டி, ரெண்டு டீ வாங்கிட முடியுமான்னுதான் பார்க்கிறோம். ஏன்னா அது கவர்னர் கையால போட்டது இல்லை, அச்சடிச்சது. கோடிக்கணக்கான நோட்டுக்கும் அவரே உட்கார்ந்து போட ஆரம்பிச்சா மனுஷன் மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்?

நோட்டு அசல். கையெழுத்தும் அவரோடதுதான். ஆனா அது ஆட்டோகிராப் இல்லை. இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சா, சந்தையில விக்கிற 'ஒரிஜினல் கையெழுத்து' அயிட்டங்கள்ல ஒரு பெரிய மூட்டையை அங்கேயே கழிச்சுக் கட்டிடலாம்.

நம்ம பாண்டிப் பக்கம் இதுக்கு உதாரணம் தேடி அலையவே வேண்டாம். ஊர்ல பாதிக் கடையில ஆசிரமத்து அன்னை படம் இருக்கும். கீழே பறவை இறக்கை விரிச்ச மாதிரி ஒரு கையெழுத்து. படத்தோட சேர்த்து அச்சானது அது. அதுல ஏமாத்து வேலை எதுவும் கிடையாது, வெளியிட்டவங்க அப்படித்தான் வெளியிட்டாங்க. ஏமாத்து எப்போ ஆரம்பிக்குதுன்னா, பழைய சாமான் விக்கிறவர் அதையே எடுத்து, 'அன்னை 1960-ல கையால போட்டுக் கொடுத்தது'ன்னு கதை கட்டுறப்போ.

பாகூர் பக்கம் ஒரு ஊர்ல பொங்கலுக்கு டென்னிஸ் பால் டோர்னமென்ட். முதல் பரிசு, 'தோனி கையெழுத்திட்ட பேட்'. நோட்டீஸ்லயே கொட்டை எழுத்து. என் கிளாஸ்மேட் டீம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு என்ட்ரி ஃபீஸ் கட்டி, வெயில்ல காய்ஞ்சு, ஃபைனல்ல கடைசி ஓவர்ல ஜெயிச்சாங்க. பேட்டை நல்ல விலைக்கு வித்துட்டு மொத்த டீமுக்கும் ஷூ வாங்குறதா பிளான். ஹாஸ்டல் ரூம்ல பேட்டைச் சாய்ச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தோம். கையெழுத்து, பேட் மேல ஒட்டின பளபள ஃபிலிமுக்கு அடியில படுத்திருந்தது! ஃபிலிம் ஒட்டினதுக்கு அப்புறம் தோனி எப்படி பாஸ் அதுக்கு உள்ளே போய் கையெழுத்துப் போடுவார்? கம்பெனியே வீரரோட கையெழுத்தை அச்சடிச்சு விக்கிற சாதா பேட் அது. நோட்டீஸ் அடிச்ச அண்ணன்களுக்கே வித்தியாசம் தெரியலைன்னு தோணுது. பேட் இப்போ நெட் பிராக்டீஸ்ல உழைக்குது.

ஸோ, முதல் டெஸ்ட்டுக்கு லேப் எதுவும் வேண்டாம். லைட்டை அணைச்சுட்டு, செல்போன் டார்ச்சைத் தாளுக்குக் கிட்டத்தட்ட படுக்கை வசமா வெச்சு அடிங்க. பால்பாயின்ட் பேனா தாளை அழுத்தும், அழுத்தின இடத்துல வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் நிழலாத் தெரியும். அச்சுல இந்தப் பள்ளம் வராது. அடுத்து, போன் கேமராவை ஜூம் பண்ணுங்க, இல்லைன்னா பத்து மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸ் ஒண்ணு வாங்கிக்குங்க. கோடு முழுக்கக் குட்டிக் குட்டிப் புள்ளியா உடைஞ்சா அது அச்சு. ரப்பர் ஸ்டாம்ப்னா மை நடுவுல வெளிறி ஓரத்துல ஒதுங்கி நிக்கும், எல்லா இடத்துலயும் அழுத்தம் ஒண்ணாவே இருக்கும். தயவுசெஞ்சு எச்சில் தொட்டுத் தேய்ச்சுப் பார்க்காதீங்க. அசலா இருந்தா அங்கேயே கதை முடிஞ்சிடும்.

சரி, பள்ளம் இருக்கு, புள்ளி இல்லை. கையாலதான் போட்டிருக்கு. ஆனா யார் கையால?

இங்கேதான் நம்ம மெக்கானிக்ஸ் வருது. உங்க கையெழுத்தை இப்போ ஒரு பேப்பர்ல போடுங்க. எவ்வளவு நேரம் ஆச்சு? ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட். கை பாட்டுக்கு ஓடுது, மூளை வேற யோசிக்குது. பேனா தாளைத் தொடுறதுக்கு முன்னாடியே நகர ஆரம்பிச்சிடும், எடுக்கும்போதும் நகர்ந்துட்டேதான் எடுப்போம். அதனால கோட்டோட ரெண்டு முனையும் எலி வால் மாதிரி மெலிஞ்சு முடியும். இப்போ அதே கையெழுத்தைப் பக்கத்து சீட் நண்பனைப் பார்த்துப் போடச் சொல்லுங்க. பய வரைவான்! நாக்கைக் கடிச்சுக்கிட்டு, நிறுத்தி நிறுத்தி. ஆரம்பமும் முடிவும் மொட்டையா நிக்கும், வளைவுல லேசா நடுங்கும், தேவையே இல்லாத இடத்துல பேனாவைத் தூக்கி மறுபடி வெச்ச தடம் தெரியும். ஒரு டிரிக் சொல்றேன்: தாளைத் தலைகீழாத் திருப்பி வெச்சுப் பாருங்க. நேரா இருந்தா கண்ணு பேரைப் படிக்க ஆரம்பிச்சிடும். தலைகீழா இருந்தா கோடு மட்டும்தான் தெரியும்.

நடுக்கம் இருந்தாலே போலின்னும் சொல்லிடக் கூடாது. வயசானவங்க கை நடுங்கும், உடம்பு முடியாதவங்களுக்கும் நடுங்கும். அந்த நடுக்கத்துல ஒரு ஓட்டம் இருக்கும். வரைஞ்ச நடுக்கத்துல ஜாக்கிரதைதான் இருக்கும். நாலஞ்சு பார்த்தா பழகிடும்.

இன்னொண்ணு, கேட்டா தலை சுத்தும். ரெண்டு கையெழுத்து அச்சு அசலா ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தினா, சந்தோஷப்படாதீங்க. பயப்படுங்க! எந்த மனுஷனாலயும் ஒரே கையெழுத்தை மில்லிமீட்டர் பிசகாம ரெண்டு தடவை போட முடியாது. அமெரிக்காவுல 1868-ல இதை வெச்சு ஒரு பெரிய உயில் கேஸே நடந்தது. சில்வியா ஆன் ஹவ்லண்ட்னு ஒரு பணக்கார அம்மா செத்துப்போனாங்க. சொத்து மொத்தமும் எனக்கேன்னு சகோதரி மகள் ஹெட்டி ராபின்சன் நீட்டின தாள்ல இருந்த கையெழுத்து, உயில்ல இருந்த கையெழுத்தோட கோட்டுக்குக் கோடு பொருந்தியது. ஹார்வர்டு கணக்குப் புரொபசர் பெஞ்சமின் பியர்ஸ் கூண்டேறினார். அந்த அம்மாவோட 42 கையெழுத்துகளை ஜோடி ஜோடியா, 861 ஜோடி, ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ஒவ்வொண்ணுலயும் மேலிருந்து கீழே இறங்குற கோடு 30. ஒரு கோடு பொருந்துற வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒண்ணு. முப்பதும் பொருந்தணும்னா? ஐந்தை முப்பது தடவை பெருக்குங்க, 21 இலக்கத்துல ஒரு எண் வரும். அத்தனை தடவையில ஒரு தடவை! எம்-த்ரீ பேப்பர்ல பிராபபிலிட்டி எதுக்குன்னு கேட்ட மக்களே, இதுக்குத்தான். அந்த முப்பது கோடும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாததுன்னு பியர்ஸ் எடுத்துக்கிட்டது சரியான்னு இன்னிக்கும் சண்டை போடுறாங்க. கேஸும் கடைசியில வேற சட்டப் பாயின்ட்லதான் முடிஞ்சது. ஹெட்டி தோத்துட்டாங்க.

மனுஷனால முடியாது, மெஷினால முடியும். ஆட்டோபென்னு ஒரு யந்திரம் நிஜப் பேனாவைப் பிடிச்சு, நிஜ மையில போட்டுத் தள்ளும். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி காலத்துலயே அது வெள்ளை மாளிகையில உழைச்சது. 2025-ல அங்கே ஜனாதிபதிகள் படத்தை வரிசையா மாட்டினப்போ, பைடன் படம் இருக்க வேண்டிய இடத்துல ஆட்டோபென் படத்தை மாட்டிக் கலாய்ச்சாங்க. 2022-ல பாப் டிலன் புத்தகம் ஒண்ணு, கையெழுத்துப் போட்ட பிரதி 599 டாலர்னு வித்தாங்க. வாங்கின ரசிகர்கள் ஆளாளுக்கு போட்டோ எடுத்து ஒப்பிட்டா, ஒருத்தர் பிரதி மாதிரியே இன்னொருத்தர் பிரதி! மாட்டிக்கிட்ட பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. தலைசுத்தல் வியாதி இருந்ததால மெஷினை விட்டுட்டேன்னு டிலனே மன்னிப்புக் கேட்டார், நோபல் பரிசு வாங்கின மனுஷன். இந்தக் கேஸ்ல துப்பறிஞ்சது போலீஸ் இல்லை, ரசிகர்கள்தான்.

மெஷின் இல்லாத காலத்துல மேனேஜர் இருந்தார். பீட்டில்ஸ் கூட்டத்துல நாலு பேருக்கும் சேர்த்து அவங்களோட உதவியாளர் நீல் ஆஸ்பினால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள்கள் இன்னிக்கும் சந்தையில சுத்துது. நம்ம ஊர்ல அந்தக் கால ஸ்டாருக்கு லெட்டர் போட்டா, திரும்பி வர்ற கவர்ல கையெழுத்தோட போட்டோ இருக்குமே... அதை யார் போட்டாங்கன்னு எந்த வீட்டுல கேள்வி கேட்டிருப்பாங்க?

ஒரு வீட்டுல கேட்டாங்க. வில்லியனூர்ல கோயில் தேரடியில இருந்து நடக்கிற தூரம்தான், என் ஃப்ரெண்ட் வீடு. தாத்தா தவறினதும் டிரங்குப் பெட்டியைத் திறந்தா, வேட்டிக்கு அடியில எம்.ஜி.ஆர். போட்டோ ஒண்ணு, ஓரமா நீல மையில கையெழுத்து. பாண்டி சண்டே மார்க்கெட்ல பழைய நாணயம் விக்கிற ஒருத்தர் பார்த்துட்டு, 'அசல்னா பத்தாயிரம் தர்றேன், இல்லைன்னா முந்நூறு'ன்னுட்டார். பயலுக்கு செம் ஃபீஸ் பாக்கி. முந்நூறுக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவுல நிக்குறது ஒரு செமஸ்டர்.

ஆயாகிட்ட கேட்டோம். "எழுவத்தி நாலு எலெக்‌ஷன்ல எம்.சி.ஆரு பாண்டிக்கு வந்தாருடா கண்ணு. உங்க தாத்தா சைக்கிள் மிதிச்சுப் போய் வாங்கியாந்தாரு."

1974 சாதாரண வருஷம் இல்லை. அ.தி.மு.க. தமிழ்நாட்டுல ஆட்சியைப் பிடிச்சது 1977-லதான். அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, 1974 மார்ச்ல, நம்ம புதுச்சேரியில எஸ்.ராமசாமி முதல்வர் ஆனார். 22 நாள்தான் நிலைச்சது, அது வேற கதை. ஆக, ஆயா சொல்ற வருஷத்துல எம்.ஜி.ஆர். பாண்டிக்கு வந்தார்ங்கிறதுல சந்தேகமே இல்லை. சிக்கல் போட்டோவுல இருந்தது. பின்னாடி ஸ்டூடியோ முத்திரையோட படத்தோட பேர்: 'மீனவ நண்பன்'. அந்தப் படம் வந்தது 1977 ஆகஸ்ட்ல! 1974-ல கையெழுத்து வாங்க அந்த போட்டோவே கிடையாதே!

பய மூஞ்சி செத்துப்போச்சு. ஆனா இங்கேதான் நிதானம் வேணும். உடைஞ்சது ஆயா சொன்ன வருஷம்தான், கையெழுத்து இல்லை. 1977-லயும் 1980-லயும்கூட புதுச்சேரியில தேர்தல் நடந்துச்சு. அம்பது வருஷம் கழிச்சு ஒரு பாட்டிக்கு எலெக்‌ஷன் ஞாபகம் இருக்கு, எந்த எலெக்‌ஷன்னு குழம்புது, அவ்வளவுதான். இதே, '1984 டிசம்பர்ல பாண்டியில வெச்சு எம்.ஜி.ஆர். நேர்ல போட்டுக் கொடுத்தது'ன்னு ஒருத்தர் சொன்னா கதவைச் சாத்திடலாம். 1984 அக்டோபர்ல ஆஸ்பத்திரியில சேர்ந்தவர், அமெரிக்காவுல சிகிச்சை முடிஞ்சு ஊர் திரும்பினது 1985 பிப்ரவரியில. கையெழுத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

காலண்டர் பேனாவுக்கும் உண்டு. பால்பாயின்ட் பேனாவுக்கு லாஸ்லோ பீரோ பேடன்ட் வாங்கினது 1938-ல. பாரதியார் மறைஞ்சது 1921-ல. ஸோ, பால்பாயின்ட்ல பாரதி கையெழுத்துன்னு யாராவது வந்தா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க. ஜெல் பேனா ஜப்பான்ல பொறந்ததே 1984-ல, அதனால எழுபதுகள் போட்டோவுல ஜெல் மை ஜொலிக்கக் கூடாது. 'பாரதிதாசன்'ங்கிற கையெழுத்துல தேதி 1905-னு இருந்தா சிரிச்சிடுங்க. பாரதி பாண்டிக்கு வந்ததே 1908-ல, அதுக்கு முன்னாடி கனக சுப்புரத்தினம் யாருக்குத் தாசன்? தாளுக்கும் ஜாதகம் இருக்கு. 1950-களுக்குப் பிறகு தாளை வெள்ளையாக் காட்ட ஒரு ரசாயனம் சேர்க்கிறாங்க. கள்ளநோட்டு பார்க்கிற ஊதா லைட்டுல அது நீலமா மின்னும். பாரதி கடுதாசி மின்னினா ஆட்டம் க்ளோஸ். ஆனா எழுபதுகள் தாள் மின்னினா அதுல எதுவும் நிரூபணம் ஆகாது. எந்த டெஸ்ட்டும் 'போலி'ன்னுதான் அடிச்சுச் சொல்லும். 'அசல்'னு அடிச்சுச் சொல்ல ஒரு டெஸ்ட்டும் கிடையாது. பாஸ் ஆகிட்டே போனா நம்பிக்கை ஏறும், அவ்வளவே.

நம்ம எம்.ஜி.ஆர். போட்டோ டார்ச்சுல பாஸ், லென்ஸ்ல பாஸ். மீதி இருந்தது ஒப்பிடுறது. அங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கு, அதுல உலகப் பெரிய மனுஷங்களே விழுந்திருக்காங்க. 1983-ல ஜெர்மனியில 'ஸ்டெர்ன்' பத்திரிகை ஹிட்லரோட டைரி கிடைச்சிருச்சுன்னு குதிச்சது. கோடிக்கணக்குல பணம் கொடுத்து வாங்கினது. கையெழுத்து நிபுணர்களும் 'ஒரே கைதான்'னு சர்ட்டிபிகேட் கொடுத்தாங்க. அவங்க சொன்னது ஒரு வகையில நிஜம்தான்! ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த 'அசல் ஹிட்லர்' தாள்கள்லயும் சிலது, டைரியை எழுதின அதே கோன்ராட் குஜாவ் எழுதினது. கடைசியில மேலே சொன்ன அதே தாள் ரசாயனம்தான் காட்டிக் கொடுத்தது. 1945-ல செத்தவன் டைரி ஊதா லைட்டுல மின்னிச்சு. லேப்ல மீட்டரை முதல்ல கேலிப்ரேட் பண்ணுன்னு சார் திட்டுறாரே, அதேதான் மேட்டர். நெட்ல 'எம்.ஜி.ஆர். கையெழுத்து'ன்னு தேடி, விக்கிறவன் போட்ட படத்தோடயே ஒப்பிட்டா என்ன பிரயோஜனம்? அவர் வாழ்ந்த காலத்துலயே புத்தகத்துல, மலர்கள்ல அச்சான கையெழுத்தை எடுங்க. அதுலயும் அதே வருஷத்தை ஒட்டினதா எடுங்க. ஒண்ணு பத்தாது, அஞ்சாறு வேணும்.

இந்தத் தலைவலி ஒண்ணும் புதுசு இல்லை. 1879-ல பாகூர்ல பல்லவர் காலச் செப்பேடு கிடைச்சது. அஞ்சு ஏடு. நிருபதுங்கவர்மன் காலத்துல, 9-ஆம் நூற்றாண்டுல, பாகூர்ல நடந்த வித்யாஸ்தானத்துக்கு மூணு ஊரைத் தானமாக் கொடுத்த பத்திரம். ஆமா மக்கா, பாகூர்ல அப்போவே காலேஜ், அதுவும் கவர்ன்மென்ட் எய்டட்! ராஜா கையெழுத்தா போட்டார்? ஏடுகளை ஒரு வளையத்துல கோத்து, வளையத்துல முத்திரை வெச்சாங்க. வளையத்தை வெட்டாம ஏட்டை மாத்த முடியாது. அப்படியும் நிலத்துக்காகப் போலிச் செப்பேடு அடிச்ச ஆளுங்க இந்த நாட்டுல உண்டு. ஃப்ளீட்ங்கிற ஆங்கிலேயர் அந்த மாதிரி போலிகளுக்கு 1901-ல ஒரு நீளப் பட்டியலே போட்டார், கர்நாடகத்துக் கங்க மன்னர்கள் பேர்ல மட்டுமே ஏராளம். எப்படிக் கண்டுபிடிச்சாங்க? சொல்ற வருஷத்துக்கு எழுத்தோட வடிவம் பொருந்தலை. நம்ம 'மீனவ நண்பன்' லாஜிக்!

'கைநாட்டு'ன்னு நாம கேலி பண்றோமே, அதுதான் போலி பண்ணக் கஷ்டமானது. ஆனா அதுவே கோர்ட் ஏறின கதை உண்டு. 2016 திருப்பரங்குன்றம் இடைத்தேர்தல்ல, அ.தி.மு.க. வேட்பாளர் ஏ.கே.போஸின் சின்னத்துக்கான படிவத்துல ஆஸ்பத்திரியில இருந்த ஜெயலலிதாவோட இடது கைப் பெருவிரல் ரேகை இருந்தது. எதிர்த்து நின்ன சரவணன் வழக்குப் போட்டார். 2019 மார்ச்ல சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தலே செல்லாதுன்னுடுச்சு. இதுல சுவாரஸ்யம் என்னன்னா, அந்தப் படிவத்துல பேனா மையில கையெழுத்து வேணும், அச்சுக் கையெழுத்தோ ரப்பர் ஸ்டாம்ப்போ கூடாதுன்னு தேர்தல் ஆணைய விதியே இருக்கு. நம்ம பத்து ரூபா நோட்டு மேட்டர் அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு!

'சர்ட்டிபிகேட் இருக்குல்ல'ன்னு கேப்பீங்க. கையெழுத்தையே போலி பண்றவனுக்கு சர்ட்டிபிகேட் போலி பண்றது அரைமணி வேலை. அமெரிக்காவுல எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்'னு ஒரு வேட்டை நடத்தி, 1999-ல வளைச்சுப் பிடிச்ச கும்பல்கிட்ட கையெழுத்தும் போலி, சர்ட்டிபிகேட்டும் போலி. மதர் தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால்கூட சிக்கியது! அன்னை தெரசா எப்போய்யா பேஸ்பால் ஆடினாங்க?

அதனால வாங்குற இடத்துல மூணே கேள்வி கேளுங்க: உங்களுக்கு இது யார்கிட்ட இருந்து வந்தது, அவங்களுக்கு எப்படி வந்தது, போலின்னு தெரிஞ்சா பணம் திரும்பத் தருவேன்னு பில்லுல எழுதித் தருவீங்களா? மூணாவது கேள்வியில நிறைய பேருக்கு அவசர வேலை வந்துடும். எழுதிக் கொடுத்துட்டு ஏமாத்தினா, பழைய 420 இப்போ பாரதிய நியாய சன்ஹிதாவுல 318-ஆவது பிரிவா உட்கார்ந்திருக்கு.

வில்லியனூர் போட்டோ? 1977-ஐ ஒட்டின ஆறு கையெழுத்தோட ஒப்பிட்டதுல ஓட்டமும் சாய்வும் ஒத்துப்போகுது, ஒரு எழுத்தோட சுழி மட்டும் இடிக்குது. 'பெரும்பாலும் அசல், கேரன்ட்டி இல்லை'ன்னு சொல்லித்தான் விக்க முடியும்னு ஃப்ரெண்ட் மார்க்கெட்காரர்கிட்ட நேராவே சொல்லிட்டான். அவர் மூவாயிரத்துக்கு இறங்கினார். ஆயா விலையே கேட்கலை. "அந்த மனுசன் சைக்கிள்ல போனது போலியா?"ன்னுட்டு போட்டோவைப் பெட்டியிலயே வெச்சுப் பூட்டிட்டாங்க. செம் ஃபீஸுக்குப் பய இப்போ சனி, ஞாயிறு கேட்டரிங் போறான்.

அடுத்த மாசம் உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு யாரோ ஒரு ஹீரோ வருவார், தள்ளுமுள்ளுல நீங்களும் பேப்பரை நீட்டுவீங்க. நீட்டுறப்போ உங்க பேரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்க, தேதியும் போடச் சொல்லுங்க. பேனா உங்களோடதா இருக்கட்டும். அவர் எழுதுறதைப் பக்கத்துல இருக்கிறவனை போட்டோ எடுக்கச் சொல்லுங்க, கையும் தாளும் ஒரே ஃப்ரேம்ல விழணும். அன்னிக்கு ராத்திரியே தாளோட பின்பக்கம் பென்சிலால ஊர், இடம், நேரம் எழுதி வெச்சிடுங்க. உங்க பேரனுக்கு செம் ஃபீஸ் கட்டவேண்டி வரலாம்.